ஊர்ப் பேரம்

கடைக்குள் நுழைகிறவர் வாயால் என்ன கேட்கிறார் என்பது அப்பாவின் காதில் விழவே விழாது. அவர் பார்ப்பது கையை. மஞ்சள் டைல்ஸின் விலையைக் கேட்டுக்கொண்டே ஒருவர் நீல டைல்ஸின் விளிம்பை ஒரு தடவைக்கு இரண்டு தடவை தடவிப் பார்த்துவிட்டால் போதும், மனிதர் மாட்டிக்கொண்டார். நீலத்துக்கு அன்றைக்கு விலை குறையாது. விவரமான வாடிக்கையாளர்களும் உண்டு. அவர்கள் வேண்டியதன் பக்கம் திரும்பியே பார்க்க மாட்டார்கள். வேண்டாததை ஆகா ஓகோ என்பார்கள், அதன் விலையைக் கேட்டு நெஞ்சில் கை வைத்துக்கொள்வார்கள், பெருமூச்சு விட்டபடி வாசல் வரை போவார்கள். அப்பா அசைய மாட்டார். வாசல் படியில் இரண்டாவது கால் இறங்கும் வரை யாரையும் திரும்பக் கூப்பிடுவது அவர் வழக்கத்தில் இல்லை. முதல் காலுக்கே கூப்பிடுகிறவன் கடையை மூடிவிட்டு வேறு வேலை பார்க்கலாம் என்பது அவர் கட்சி.

அவர் பெண் சில்லு அந்தக் கடையில்தான் வளர்ந்தாள். உடைந்த டைல்ஸ் துண்டு மாதிரி சின்னதாக, ஓரத்தில் கொஞ்சம் கூராக இருக்கிறாள் என்று சித்தப்பா வைத்த பெயர் அது. பள்ளிக்கூடத்தில் கொடுத்த பெயர் அப்பாவுக்கே யோசித்தால்தான் ஞாபகம் வரும். தண்ணீர் வராத குழாய்களுக்கும் யாரும் குளிக்காத குளியலறைகளுக்கும் நடுவே, மாதிரிக்கு வைத்திருந்த கமோடின் மூடியில் உட்கார்ந்து அவள் வீட்டுப்பாடம் எழுதினாள். பெருக்கல் வாய்ப்பாடு தலையில் ஏறுவதற்கு முன்பே, பேரம் எந்த இடத்தில் படியும் என்று அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. பிற்பாடு கல்லூரியில் எத்தனையோ படித்தாள். அதில் எதுவும் இதை அழிக்கவில்லை.

படிப்பு முடிந்த கையோடு வேலையும் கிடைத்தது. கப்பலில் சரக்கு அனுப்பும் நிறுவனம். அவர்களுக்கு இரண்டு ஊரில் அலுவலகம்; இரண்டிலும் ஒரே வேலை, ஒரே சம்பளம். எந்த ஊர் என்பதை நீங்களே முடிவு செய்து வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள் என்று அந்த நிறுவனத்துப் பெண் தேன் ஒழுகச் சொல்லிவிட்டாள். ஒன்று தலைநகரம், ஒரு பகலும் ஓர் இரவும் ரயிலில் உட்கார வேண்டும். மற்றது துறைமுகம்; காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம்.

சில்லுவுக்கு வேண்டியது துறைமுகம். போன கோடையில் பயிற்சிக்காக அங்கே போய் இரண்டு மாதம் இருந்தாள். விடுதித் தோழி ஒருத்தியின் வீட்டு மாடியில் தங்கல். எந்த அறைக்குப் போனாலும் முதலில் ஓடிப்போய் ஜன்னலோரக் கட்டிலைப் பிடித்துக்கொள்வதால் அந்தத் தோழிக்குக் கல்லூரி முழுக்க ஜன்னல் என்றே பெயர். மாடி அறையின் கூரை ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். கட்டிலிலிருந்து வேகமாக எழுந்தால் தலை இடிக்கும். எழுந்து நின்றால் கிரேன்கள் தெரியும், அவற்றுக்குப் பின்னால் முறை வருவதற்காக வரிசையில் நிற்கும் கப்பல்கள் தெரியும். அங்கே அவள் காலையில் படகில் ஏறி வேலைக்குப் போனாள், சாயங்காலம் மேட்டுத் தெருவில் மூச்சு வாங்க ஏறி வந்தாள். அந்த இரண்டு மாதத்தில் ஒருவர்கூட அவளை நிறுத்தி, "நீ டைல்ஸ் கடைக்காரர் பொண்ணுதானே?" என்று கேட்கவில்லை. அவளுடைய சொந்த ஊரில் அந்தக் கேள்வி இல்லாமல் ஒரு தெருமுனையைத் தாண்ட முடியாது. காய்ச்சலுக்கு ஊசி போடும்போதுகூட, குளியலறைத் தரைக்கு எது வழுக்காது என்று டாக்டர் விசாரிப்பார்.

வேண்டும் என்றால் வாய்விட்டுக் கேட்க வேண்டியதுதானே என்று நீங்கள் நினைக்கலாம். டைல்ஸ் கடைக் குடும்பத்தில் அப்படி யாரும் நினைக்க மாட்டார்கள். பஸ் நிலையத்துக்கு எதிரே அப்பா இரண்டாவது கடை போடப் போகிறார். அதற்கு "நம்பிக்கையான கை" ஒன்று வேண்டுமென்று மூன்று மாதமாகச் சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தக் கை யாருடையது என்பதைச் சுவர் புரிந்துகொண்டதோ இல்லையோ, சில்லு புரிந்துகொண்டாள். ஆக, அப்பா ஆரம்பிக்கப் போகும் விலை சொந்த ஊர். அவள் துறைமுகத்தில் ஆரம்பித்தால் இழுத்துப் பிடித்து உள்ளூரில் கொண்டுவந்து முடித்துவிடுவார். தலைநகரத்தில் ஆரம்பிக்க வேண்டும். அவர் பதறி, "பக்கத்துல எதுவும் கிடைக்காதா?" என்று கேட்க வேண்டும். அவள் முகத்தைத் தொங்கப்போட்டு, வேறு வழியில்லாமல், துறைமுகத்துக்கு இறங்கி வர வேண்டும். கணக்கு கச்சிதமாக இருந்தது.

திங்கட்கிழமை சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள்.

"அப்பா, வேலை தலைநகரத்துல. போலாம்னு இருக்கேன்."

அம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. சித்தப்பாவுக்குப் புரை ஏறியது. அப்பா மட்டும் ஒரு வாய் மென்று, விழுங்கி, தண்ணீர் குடித்தார்.

"தலைநகரமா? ரொம்ப நல்ல ஊராச்சே! போயிட்டு வா."

சில்லு காத்திருந்தாள். அவ்வளவுதான். அப்பா அடுத்த வாய்க்குக் குனிந்துவிட்டார்.

கை கழுவும்போதுதான் அவளுக்கு உறைத்தது. தன்னை வாடிக்கையாளராக்கி, வாசல் வரை நடக்க விடுகிறார்! சரி, நடந்து காட்டுவோம் என்று முடிவெடுத்தாள். எந்த அப்பாவும் சொந்தப் பெண்ணை இரண்டாவது காலும் இறக்க விடமாட்டார்.

செவ்வாய்க்கிழமை தலைநகரத்தைப் புகழ்ந்தாள். பூமிக்கடியில் ரயில் போகிறதாம், பூங்காவில் ஏரியே இருக்கிறதாம், நூலகத்தில் ஒரு மாடிக்கு இன்னொரு மாடி வழி கேட்டுத்தான் போக வேண்டுமாம். அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிவிட்டு, அவள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அங்கே தண்ணீர் சுத்தம், மனிதர்கள் மரியாதையானவர்கள், குளிர்காலத்தில் முகம் பளபளக்கும். தலைநகரத்தை அவர் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறார்; பார்த்த அன்றைக்கே அங்கே அவருடைய செருப்பு திருடு போயிற்று.

இரண்டு பேரும் விற்ற விற்பனையில் உண்மையாகவே மயங்கியவர் சித்தப்பா ஒருவர்தான். "அண்ணே, இவ்வளவு நல்ல ஊரை விட்டுட்டு நாம இங்க என்ன பண்றோம்? பேசாம அங்கயே ஒரு கிளை போடுவமா?" என்றார்.

"நீ சும்மா சாப்பிடுடா," என்றார் அப்பா.

புதன்கிழமை அப்பா ஒரு பெட்டி வாங்கி வந்தார். சக்கரம் வைத்தது, கருஞ்சிவப்பு. கூடத்தின் நடுவில் நிறுத்தி, விரலால் ஒரு தள்ளு தள்ளினார். அது சத்தமே இல்லாமல் போய் அலமாரியில் முட்டி நின்றது.

"பாத்தியா, எவ்வளவு சுலபமாப் போகுது!" என்றார், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு.

சில்லு சிரிப்பை வரவழைத்துக்கொண்டாள். "அய்யோ, எவ்வளவு நல்லா இருக்குப்பா!" என்று பெட்டியைக் கட்டிக்கொண்டாள். இந்த முறை அப்பாவின் முகத்தில் ஏதோ ஒன்று லேசாக இறங்கியது. அதை அவள் கவனித்தாள். நாளைக்குக் கூப்பிட்டுவிடுவார் என்று தோன்றியது.

மறுநாள் கூப்பிடவில்லை. அதற்குப் பதில், தலைநகரத்தில் குழாய் வியாபாரம் செய்யும் பழைய நண்பர் ஒருவருக்குப் போன் போட்டு, பெண்ணுக்கு அறை பார்க்கச் சொன்னார். வேண்டுமென்றே அவள் காதில் விழும்படி சத்தமாகச் சொன்னார். "ஜன்னல் பெரிசா இருக்கட்டும்ப்பா, வெளிச்சம் வேணும்," என்று அவளும் பக்கத்தில் நின்று சேர்த்துச் சொன்னாள்.

அன்று மதியம் தோழியிடமிருந்து குரல்செய்தி வந்தது. "ஏய், வர்றியா இல்லையா? சனிக்கிழமை வேற ஒருத்தி ரூம் பாக்க வர்றா. நீ சொன்னா அவளை வேணாம்னு சொல்லிடுவேன். எதையும் நேரா சொல்லித் தொலைக்க மாட்டியா நீ?" பின்னணியில் ஒரு கப்பல் நீளமாக ஊதியது. சில்லு அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். செய்திக்காக இல்லை, ஊதலுக்காக.

துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். அம்மா வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவள் இல்லை. அவளுடைய அப்பா பஸ் கண்டக்டர். டிக்கெட்டில் அச்சடித்ததுதான் விலை. கொடுத்தால் ஏறலாம், இல்லாவிட்டால் நடக்கலாம் என்ற வீடு. கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் கடையில் நடப்பது அவளுக்குப் பாதி புரியாது.

"சில்லு, உண்மையைச் சொல்லு. உனக்கு எந்த ஊர்ல இருக்கணும்னு ஆசை?"

இவ்வளவு நேரடியான கேள்வியை சில்லு அந்த வீட்டில் கேட்டதே இல்லை. வாய் வரை வந்துவிட்டது. அதற்குள் அவளுக்கு ஒரு சந்தேகம். எதிர்க் கடையில் என்ன விலை ஓடுகிறது என்று தெரிய வேண்டுமானால் அப்பா தானே போக மாட்டார். வாடிக்கையாளர் மாதிரி யாரையாவது அனுப்புவார். அம்மாவை யார் அனுப்பியிருப்பார்கள்?

"தலைநகரம்தாம்மா," என்றாள். "சின்ன வயசுல இருந்தே ஆசை."

அம்மா ஒரு துண்டை மடித்தாள். "சரி. நீ சந்தோஷமா இருந்தாப் போதும்," என்றாள். சொன்னதை அப்படியே நம்பிவிட்டாள். கேட்டால் பதில் சொல்வார்கள் என்று நினைத்து வளர்ந்தவள்.

வெள்ளிக்கிழமை மதியம் சில்லு கடையில் இருந்தாள். புதுசாக வீடு கட்டும் கணவனும் மனைவியும் ஒரு வாஷ்பேசினை நடுவில் வைத்துக்கொண்டு அப்பாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். மனைவி அதன் குழியில் கையை முழங்கை வரை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணவன் வேறு எங்கோ பார்த்து விசில் அடித்துக்கொண்டிருந்தான். அப்போது சில்லுவின் போன் அடித்தது. நிறுவனத்துப் பெண்.

"வணக்கம் மேடம். ஊர் முடிவு பண்ணிட்டீங்களா? பட்டியலை இன்னைக்குச் சாயங்காலம் மேல அனுப்பணும்."

"ஒரு நிமிஷம்," என்றாள் சில்லு, அப்பாவுக்குக் கேட்கும்படி. போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றாள். இதற்குமேல் இறங்கப் படி கிடையாது.

அப்பா பேச்சை நிறுத்தினார். வாஷ்பேசின்மேல் வைத்த கையை எடுக்காமல், திரும்பாமல், கடையில் யாரும் கேட்டிராத ஒரு குரலில் சொன்னார்:

"ஏம்மா... பக்கத்துல வேற ஊர் எதுவும் கேட்டா குடுக்க மாட்டாங்களா?"

வந்துவிட்டது! கிட்டத்தட்ட வார்த்தைக்கு வார்த்தை, அவள் எதிர்பார்த்தபடியே. அந்த இடத்தில் "துறைமுகம் இருக்குப்பா" என்று சொல்லியிருந்தால் கதை முடிந்தது. ஆனால் அவள் யாருடைய பெண்? எதிராளி முதலில் வாய் திறந்தால் உடனே பாயக் கூடாது. சும்மா இருந்தால் தானாகவே இன்னும் இறங்குவான் என்பதை எத்தனை தடவை கண்ணால் பார்த்திருக்கிறாள்! இன்னும் ஒரு மூச்சு பொறுத்தால் அப்பாவே துறைமுகத்தின் பெயரைச் சொல்லிவிடுவார். சொன்னது அவர் என்றாகிவிட்டால், பிற்பாடு மாற்றவும் முடியாது. சில்லு உதட்டைக் கடித்துக்கொண்டு, ஷவர் ஒன்றைப் பார்த்தபடி, சும்மா இருந்தாள்.

அப்பா அந்த மௌனத்தைக் கேட்டார். குரல் உடைந்ததைப் பெண் கண்டுபிடித்துவிட்டாள் என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. நாற்பது வருஷ வியாபாரி, சொந்தக் கடையில், வாடிக்கையாளர் முன்னால்! சட்டென்று நிமிர்ந்தார்.

"சும்மா கேட்டேன். தலைநகரம்னே போட்டுக்கச் சொல்லு. அது போல வருமா!"

சில்லுவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கடைசி நிமிஷத்தில் இப்படி ஒரு மிரட்டலா? அதற்கும் அவளிடம் பதில் இருந்தது. போனைக் காதில் வைத்தாள்.

"தலைநகரம். போட்டுக்கோங்க."

"நன்றி மேடம்," என்று குரல் போய்விட்டது.

கணவனின் விசில்கூட நின்றுபோயிருந்தது. அப்பா பெண்ணைப் பார்த்தார், பெண் அப்பாவைப் பார்த்தாள். இரண்டு பேர் முகத்திலும் வாடிக்கையாளரும் போய், பொருளும் உடைந்த மாதிரி ஒரு வாட்டம்.

அந்த நேரத்தில் அம்மா சாப்பாட்டுக் கூடையோடு உள்ளே வந்தாள். "என்ன ஆச்சு? ஏன் ரெண்டு பேரும் இப்படி நிக்கறீங்க?"

"சில்லுவுக்குத் தலைநகரம் கிடைச்சிடுச்சு அண்ணி!" என்றார் சித்தப்பா. கடையில் சந்தோஷமாக இருந்த ஒரே மனிதர்.

அம்மா கூடையைக் கீழே வைத்தாள். "ஏங்க, துறைமுகம்னு சொல்லுவீங்கன்னு பாத்தேன்? அங்கதான் நம்ம சரக்கு இறங்குது, மாசா மாசம் போறேன், புள்ளையைப் பாத்துக்கலாம், அங்க விட்டாப் போதும்னு நீங்கதானே முந்தாநாள் எங்கிட்ட சொன்னீங்க? இவளோட கம்பெனி போர்டை அங்க பாத்தேன்னும் சொன்னீங்களே!"

சில்லு பொத்தென்று கமோடு மூடியில் உட்கார்ந்தாள். "உங்களுக்குத் துறைமுகமா வேணும்?"

"மொதல்ல உள்ளூர்ல ஆரம்பிச்சு, அங்க வந்து முடிக்கலாம்னு இருந்தேன்," என்றார் அப்பா, தரையைப் பார்த்து. "நீ வாயைத் திறக்கவே விடலையே. எடுத்ததுமே தலைநகரம்னுட்ட."

"நானும் துறைமுகத்துல வந்து முடிக்கத்தாம்பா தலைநகரத்துல ஆரம்பிச்சேன்!"

அப்பாவின் முகத்தில் ஒரு கணம் பெருமை மின்னி மறைந்தது. நல்ல ஆட்டம் ஆடியிருக்கிறாள். அதுதான் இன்னும் வயிற்றெரிச்சலாக இருந்தது.

விசிலடித்த கணவன் மெதுவாகக் குறுக்கே வந்தான். "தப்பா நினைக்காதீங்க. ரெண்டு பேருக்கும் ஒரே ஊர்தானே வேணும்? இதுல என்ன பிரச்சினை?"

"சொல்லியாச்சே சார்," என்றார் அப்பா.

"மாத்திச் சொன்னாப் போச்சு."

அப்பா அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். பேரம் நடக்கிற வரைக்கும் வாயில் வருவதெல்லாம் பொய்யாக இருக்கலாம், அதில் பாவமில்லை. படிந்த பிறகு சொன்ன சொல் சொல்தான். லாரி கவிழ்ந்து பாதிச் சரக்கு நொறுங்கிய வருஷத்தில்கூட அவர் வார்த்தை மாறியதில்லை. "இந்தக் கடையில யாரும் மாத்திச் சொன்னதில்ல," என்றார்.

"ஆமா," என்றாள் சில்லு. முதுகு மட்டும் நிமிர்ந்துதான் இருந்தது. "சொன்னா சொன்னதுதான்."

அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் உன்னை நேத்து கேட்டேனா இல்லையா?"

"கேட்ட. அப்பா அனுப்பி நீ கேக்கறன்னு நினைச்சேன்."

"நல்லா இருக்குடி நியாயம்! பெத்தவ கேட்டா உளவாளியா?" அம்மா கையை நீட்டினாள். "குடு அந்தப் போனை."

"வேணாம்மா, வார்த்தை குடுத்தாச்சு."

"நீ குடுத்த. உங்கப்பா பக்கத்துல நின்னு தூபம் போட்டார். நான் யாருக்கும் எதுவும் குடுக்கலையே?"

அம்மா போனை வாங்கி, கடைசியாக வந்த எண்ணை அழுத்தினாள்.

"அம்மா, நான் இப்ப உங்ககிட்ட பேசின பொண்ணோட அம்மா பேசறேன். அவளுக்குத் தலைநகரம் வேணாம், துறைமுகம்தான் வேணும்... ஓ, அவளே சொல்லணுமா? இதோ." போனைப் பெண்ணின் காதில் வைத்து அழுத்தினாள். "சொல்லு. ஒரே ஒரு வார்த்தை. முன்னாடி பின்னாடி எதுவும் சேர்க்காத."

அப்பா ஒரு குழாயைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே பளபளவென்று இருந்த குழாய்.

சில்லுவின் மூளை பழக்கதோஷத்தில் சரசரவென்று ஓடியது. ஏன் மாற்றுகிறீர்கள் என்று கேட்பார்கள். உடல்நலம் என்று சொல்லலாம். இல்லை, தலைநகரத்தைவிடத் துறைமுகத்தில் அவளால் நிறுவனத்துக்கு என்ன லாபம் என்று ஆரம்பிக்கலாம். மறுத்தால், முதல் வருஷம் மட்டும் என்று இறங்கலாம். அம்மாவின் கண்கள் இரண்டு விரல் தூரத்தில் இருந்தன.

"துறைமுகம்," என்றாள்.

"சரி மேடம், மாத்திட்டேன். வேற ஏதாவது?"

"இல்ல."

"வாழ்த்துகள்." போன் வைக்கப்பட்டது.

சில்லு போனையே பார்த்தாள். தோழிக்கு "வர்றேன்" என்று ஒரு சொல் அனுப்பினாள். "சரி, வா" என்று பதிலும் உடனே வந்துவிட்டது. காரணம் கேட்பார் யாருமில்லை. தயாராக வைத்திருந்த பதில்கள் எல்லாம் பிரிக்காத அட்டைப்பெட்டிகள் மாதிரி உள்ளே கிடந்தன. இத்தனை நாள் ஏங்கிய அறை, கிரேன்கள், மேட்டுத் தெரு எல்லாம் அவளுக்கு வந்துவிட்டன. சந்தோஷம் பொங்கியிருக்க வேண்டும். பொங்கவும் செய்தது. ஆனால் பாதியில் ஏதோ இடித்தது.

அப்பா குழாயை வைத்துவிட்டு அருகில் வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"என்ன சொன்னாங்க?"

"சரின்னாங்க."

"கேட்டதுமேவா?"

"கேட்டதுமே."

"ஒரு வார்த்தை முனகலையா? 'பாக்கறோம்', 'மேல கேக்கணும்', எதுவும் இல்லையா?"

"இல்லப்பா. வேற ஏதாவதுன்னு கேட்டா. நான் இல்லன்னுட்டேன்."

அப்பா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "வேற ஏதாவதுன்னு அவங்களே கேட்டு, நீ இல்லன்னியா?"

"அம்மா முறைச்சிட்டு நின்னாங்க."

"கேட்ட உடனே குடுக்கறாங்கன்னா அங்க போக ஆளில்லன்னு அர்த்தம்மா. அந்த ஊர்ல ஏதோ கோளாறு இருக்கு."

"எனக்கும் அதான் தோணுது," என்றாள் சில்லு மெல்ல. "தலைநகரம்னு சொன்னப்ப 'நன்றி'ன்னு மட்டும்தான் சொன்னா. வாழ்த்தெல்லாம் சொல்லல. இதுக்கு வாழ்த்தும் சேர்த்துச் சொல்றா."

"பாத்தியா! தள்ளிவிடற சரக்குக்குத்தான் அப்படிப் பேசுவாங்க. தலைநகரத்துல ஏதோ விஷயம் இருக்கணும்." அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "பட்டியல் சாயங்காலம்தானே போகுது? அதுவரைக்கும் அந்தப் பொண்ணு ஆபீஸ்லதான் இருக்கும், இல்ல?"

சில்லுவின் விரல் தன்னையறியாமல் போனின் பக்கம் நகர்ந்தது.

அதற்குள் அம்மா அதை எடுத்து, அணைத்து, தன் கைப்பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, "சாப்பாடு ஆறுது, வந்து உக்காருங்க ரெண்டு பேரும்," என்றாள்.